இலேசான ஆம்ப்ளிஃபயர்: வாங்கும் முன் ரிப்பேருக்கு வழி கேளுங்கள்



மளிகைக் கடைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் ஆம்ப்ளிஃபயரில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கடைக்காரர் இல்லாத விழாக் கமிட்டி அபூர்வம். 'மைக்செட் உபயம்' என்று நோட்டீசில் அச்சாகும் பெயர் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஸ்டோர்ஸ் பெயராகவே இருக்கும். வைகுண்ட ஏகாதசி அன்னதானப் பந்தல், சித்திரைத் தேர் சமயத்து நீர்மோர்ப் பந்தல், சமயபுரத்துக்கு நடந்து போகும் பக்தர்களுக்கான தண்ணீர்ப் பந்தல், நம் சங்கத்தின் ஆண்டு விழா, எதுவானாலும் மைக்செட் இல்லாமல் காரியம் நடப்பதில்லை.

சமீப காலமாகக் கமிட்டிக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "வருடா வருடம் வாடகை கொடுப்பதை விட நாமே ஒரு செட் வாங்கிப் போட்டுவிடலாம். இப்போது வரும் ஆம்ப்ளிஃபயர் ஐந்தாறு கிலோதான், ஒரு ஆள் ஒரு கையில் தூக்கலாம்" என்கிறார்கள். இன்னொரு பக்கம், நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் உபதொழிலாக சவுண்டு சர்வீஸ் வைக்கிறார்கள். நகையை அடகு வைத்தும் தவணைக் கடன் வாங்கியும் இதே இலேசான ஆம்ப்ளிஃபயர்களை எடுக்கிறார்கள். ஆகவே இது நம் பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலேசாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். இலேசு என்றாலே மட்டம் என்று ஒதுக்கவும் வேண்டாம். பழுதானால் திருச்சியிலேயே, யார் கையால், எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டு, பதில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

எடை எங்கே போயிற்று?

பழைய பெரிய ஆம்ப்ளிஃபயரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எடையில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபார்மரும் சூட்டை வெளியேற்றும் அலுமினியக் கட்டையும்தான். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று ஓடுகிறது. அந்த வேகத்தில் வேலை செய்யும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்பும் செம்புக் கம்பியும் நிறையத் தேவை.

புதிய வகையில் 230 வோல்ட் மின்சாரத்தை முதலில் டி.சி.யாக மாற்றி, பிறகு அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டு அனுப்புகிறார்கள். இதைத்தான் எஸ்.எம்.பி.எஸ். என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், பத்து மூட்டையை ஒரே நடையில் கொண்டுபோகப் பெரிய வண்டி வேண்டும். சிறு வண்டியே வேகமாகப் பல நடை அடித்தால் அதே சரக்கு போய்ச் சேர்ந்துவிடும். அப்படித்தான் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதோடு 'கிளாஸ் டி' என்ற முறையும் சேர்ந்துகொண்டது. பழைய முறையில் முழுச் சத்தத்தில் ஓடும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு 50, 60 பங்குதான் ஸ்பீக்கருக்குப் போகும். மிச்சம் சூடாக வீணாகும். புதிய முறையில் 85, 90 பங்கு வரை போய்ச் சேருகிறது. சூடு குறைந்ததால் அலுமினியக் கட்டையும் சிறுத்தது.

இது நேற்று வந்த முயற்சி அல்ல. அமெரிக்காவில் பாப் கார்வர் என்பவர் 1980 வாக்கிலேயே நாலு கிலோ அளவில் சேனலுக்கு 200 வாட்ஸ் தரும் ஆம்ப்ளிஃபயரை விற்றார். 1990-களில் கியூ.எஸ்.சி. கம்பெனி 'பவர்லைட்' என்ற பெயரில் எஸ்.எம்.பி.எஸ். வைத்த மேடை ஆம்ப்ளிஃபயர்களைக் கொண்டுவந்தது. நல்ல கம்பெனிச் சரக்கு உலகம் முழுவதும் வருடக்கணக்கில் மேடையில் ஓடுகிறது. எனவே 'இலேசு என்றால் உழைக்காது' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது நியாயமில்லை. லோடுமேன் கூலி மிச்சம், ஆட்டோவிலேயே செட் போய்விடும், ஜெனரேட்டர் டீசலும் குறைகிறது. பையன்களின் முதுகெலும்பும் தப்பிக்கிறது.

எதனால் பழுதாகிறது?

முதல் எதிரி கரண்ட். பந்தலுக்கு எடுக்கும் தற்காலிக லைனில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறிவிடும். வாடகை ஜெனரேட்டரில் சீரியல் செட் விளக்குகளை ஒரேயடியாக அணைத்தால் வோல்டேஜ் குதிக்கும். பழைய கனத்த டிரான்ஸ்ஃபார்மர் திடீர்க் குதிப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். புதியதில் அந்த அடி நேரே மின்னணுப் பாகங்களின் மேல் விழுகிறது. 2012-ல் மாவட்டங்களில் பல மணி நேர மின்வெட்டு இருந்தபோது ஜெனரேட்டரிலேயே விழா நடத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இரண்டாவது எதிரி சூடும் தூசியும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் செட்டை வைத்து, மேலே துண்டையும் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஃபேன் தேரடித் தூசியையும் சாம்பிராணிப் புகையையும் சேர்த்து இழுக்கிறது. கண்டன்சர் என்னும் பாகம் 10 டிகிரி சூடு கூடினால் பாதி ஆயுள்தான் உழைக்கும் என்பது மெக்கானிக்குகள் கையில் வைத்திருக்கும் கணக்கு. மலிவுச் சரக்கில் 105 டிகிரி கண்டன்சர் போட வேண்டிய இடத்தில் 85 டிகிரி கண்டன்சரைப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கிறார்கள்.

மூன்றாவது எதிரி பேராசை. 8 ஓம்ஸ் பாக்ஸ் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம்ஸ், நான்கைச் சேர்த்தால் 2 ஓம்ஸ். 4 ஓம்ஸுக்குக் கீழே போகாதே என்று பின்பக்கம் அச்சடித்திருந்தாலும், இன்னும் இரண்டு பாக்ஸ் மாட்டு என்று கமிட்டிக்காரர் சொல்கிறார், ஆபரேட்டர் மாட்டுகிறார். செட் போனதும் கம்பெனியைத் திட்டுகிறோம்.

வாட்ஸ் என்னும் கள்ளத் தராசு

அட்டைப் பெட்டியில் '5000 வாட்ஸ்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நாம் தினமும் தராசு பிடிப்பவர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட் வந்தால் 1380 வாட்ஸ்தான் தொடர்ந்து எடுக்க முடியும். 16 ஆம்பியர் பிளக்கிலும் 3680 வாட்ஸ்தான். உள்ளே போவதை விட வெளியே அதிகம் வர எந்த மந்திரமும் இல்லை. கண் இமைக்கும் நேரத்துக்கு வரும் உச்ச அளவைத் தொடர் அளவாகச் சொல்வது ஒரு வியாபாரத் தந்திரம். ஆகவே 'ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம்ஸில்' என்று கேளுங்கள். நேராகப் பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள். மேலும் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாட்களுக்கு அரசு தரும் தளர்வு தனி. தெருப் பந்தலுக்கு மலையளவு வாட்ஸ் எதற்கு?

ரிப்பேர் கடையின் நிலை

1939 மே 16-ஆம் தேதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. நம் பிள்ளைப் பிராயத்தில் ரேடியோ ரிப்பேர் கடை இல்லாத கடைவீதியே கிடையாது. அந்தக் கைகளே பின்னர் மைக்செட் ஆம்ப்ளிஃபயரையும் பார்த்தன. பழைய செட்டில் சர்க்யூட் படம் கிடைக்கும், பாகங்கள் கண்ணுக்குத் தெரியும், பவர் டிரான்சிஸ்டரைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தால் மாலைக்குள் செட் பாடும். போலி டிரான்சிஸ்டர் தொல்லை அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

புதியதில் பாகங்கள் எள்ளளவு. அவற்றை எடுத்து ஒட்டச் சூடான காற்றுக் கருவி வேண்டும், பூதக்கண்ணாடி வேண்டும். பல கம்பெனிகள் சர்க்யூட் படம் தருவதில்லை. பாகத்தைத் தனியே விற்பதில்லை. போர்டையே முழுதாக மாற்று என்கிறார்கள். அதோடு எஸ்.எம்.பி.எஸ். பகுதியில் 320 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் கண்டன்சரில் தங்கியிருக்கும். தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவுக்கும் நடுவில், 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸில் மாட்டி, ஷார்ட் எங்கே என்று பொறுமையாகத் தேடும் மெக்கானிக்குகள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள்தான் நமக்குத் துணை.

எங்கள் தெருக் கோயில் கமிட்டி வாங்கிய செட் ஒன்று வாரண்டிக்குள்ளேயே நின்றது. விற்றவர் வெளியூர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். 47 நாள் ஆயிற்று. விநாயகர் சதுர்த்தி வந்து போய்விட்டது. கடைசியில், வோல்டேஜ் அதிகம் வந்ததால் வாரண்டி செல்லாது என்று சொல்லி, போர்டுக்குக் கேட்ட விலை புதுச் செட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த விழாவுக்கு வாடகை மைக்செட்தான் எடுத்தோம்.

'மலிவுதானே, போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்' என்று சிலர் சொல்கிறார்கள். கமிட்டிப் பணத்தில் பேசுவதற்கு அது சுலபம். சவுண்டு சர்வீஸ்காரருக்கு ஒரு முகூர்த்த நாள் தவறினால் அன்றைய வாடகை மட்டுமா போகிறது? அந்தக் குடும்பம் அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிடாது. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. திருச்சியில் சர்வீஸ் உண்டா? இல்லையென்றால் எந்த ஊர், போக்குவரத்துச் செலவு யாருடையது?

2. எஸ்.எம்.பி.எஸ். போர்டும் அவுட்புட் போர்டும் தனித்தனியாகக் கிடைக்குமா? இன்றைய விலை என்ன? இதை எழுதி வாங்குங்கள்.

3. நம் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் மாடல் பெயரைச் சொல்லி, 'இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா' என்று கேளுங்கள். விளம்பரத்தை விட அவர் சொல் பெரிது.

4. ஒரே பெரிய செட்டுக்குப் பதில் ஒரே மாடலில் இரண்டு நடுத்தரச் செட் வாங்குங்கள். ஒன்று நின்றாலும் விழா நிற்காது.

5. அதிக வோல்டேஜ் வந்தால் தானே துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

6. ஜி.எஸ்.டி. பில்லும் சீல் வைத்த வாரண்டி அட்டையும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரத்துக்காக வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கியவர் நுகர்வோர்தான். தானே செட் போட்டுப் பிழைக்கும் சவுண்டு சர்வீஸ்காரர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு இணையதளம் தொடங்கியது. செல்போன், மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம், விவசாயக் கருவி ஆகியவற்றை அதில் சேர்த்திருக்கிறார்கள். மேடை ஆம்ப்ளிஃபயர்களின் சர்க்யூட் படமும் உதிரிப் பாகமும் கிடைக்க வணிகர் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

உறுப்பினர்கள் நடத்தும் கமிட்டிகள் தனித்தனியாகப் போய் வாங்காமல், சேர்ந்து ஒரே மாடலை வாங்கினால் விற்பவர் மதிப்பார். ஒரு உதிரி போர்டை உள்ளூரிலேயே வைத்திருக்கும்படி நிபந்தனையும் போடலாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்த பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சூடான காற்றுக் கருவி வாங்க சங்க நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம்.

கடைசியாக நாம் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது ஒன்று. மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து பார்த்து, 'இது தேறாது' என்று உண்மையைச் சொன்னால், 'சரி பண்ணவில்லையே' என்று கூலி கொடுக்காமல் வந்துவிடுகிறோம். அந்த உண்மைக்குத்தான் கூலி. அதைக் கொடுக்காவிட்டால் அவர் கடையை மூடிவிட்டு செல்போன் ரீசார்ஜ் கடை வைப்பார். அப்புறம் ஐந்து கிலோ ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.