என் மெஷின்ல ஓடுதே சார்!

'கோல்ட் ஃப்யூஷனை பெட்ரோல் கம்பெனிக்காரனுங்க அமுக்கிட்டானுங்க'ன்னு இந்த வாரம் மறுபடியும் ஒருத்தர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கார். அவரும் எஞ்சினியர்தான். அதான் கடுப்பு ஜாஸ்தியா இருக்கு.

கதை தெரியாதவங்களுக்கு: 1989 மார்ச் 23, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். ஃப்ளெய்ஷ்மன், பான்ஸ்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிகள் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, கனநீர்ல பல்லேடியம் கம்பியை முக்கி மின்சாரம் பாய்ச்சினா அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவு நடக்குதுன்னு சொன்னாங்க. உள்ளே போன மின்சாரத்தைவிட வெளியே வர்ற வெப்பம் அதிகமாம்.

சரி, இணைவுதான்னே வெச்சுக்குவோம். ரெண்டு டியூட்டீரியம் அணுக்கரு சேர்ந்தா ஏறக்குறைய பாதி தடவை ஒரு நியூட்ரான் வெளிய வரணும். ஒரே ஒரு வாட் வெப்பத்துக்கே நொடிக்கு சுமார் ஒரு லட்சம் கோடி நியூட்ரான்! கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பக்கத்துல நின்னவங்க எல்லாம் நல்லாத்தான் இருந்தாங்க. கேட்டா, 'இது வேற மாதிரி இணைவு'ன்னு பதில். நல்லா இருக்குய்யா நியாயம். வெப்பம் வந்தா இணைவுக்கு சாட்சி, நியூட்ரான் வரலைன்னா புதுவகை இணைவுக்கு சாட்சி!

வெப்பத்தை அளக்கறதும் லேசுப்பட்ட வேலை இல்லை. மின்னாற்பகுப்புல வர்ற வாயு முழுக்க வெளியே போயிடுதுன்னு கணக்குப் போட்டு, அதுல கொஞ்சம் உள்ளேயே திரும்பச் சேர்ந்துட்டாப் போதும், இல்லாத 'உபரி சக்தி' காகிதத்துல முளைச்சிடும். பாத்திரத்துல எல்லா இடத்துலயும் ஒரே வெப்பநிலை இருக்குதாங்கறது இன்னொரு தலைவலி. கால்டெக் குழு அன்னிக்கே இதைக் கேட்டுச்சு.

கால்டெக், எம்.ஐ.டி, இங்கிலாந்தின் ஹார்வெல், யாருக்கும் வரலை. உடனே 'உங்க பல்லேடியம் சரியில்லை, போதுமான அளவு டியூட்டீரியம் ஏத்தலை'ன்னு ஆரம்பிச்சாங்க. நாங்க பொட்டி தட்டுற இடத்துல இதுக்கு ஒரு வசனம் உண்டு: 'என் மெஷின்ல ஓடுதே சார்'. டெஸ்டர் அக்காகிட்ட சொல்லிப் பாருங்க, என்ன கிடைக்கும்னு தெரியும் :-)

இப்ப 'அமுக்கிட்டாங்க' விஷயத்துக்கு வருவோம். யூட்டா மாநில அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்கி இதுக்குன்னே ஆராய்ச்சி நிலையம் திறந்துச்சு, 1991-லயே மூடியாச்சு. அப்புறம் டொயோட்டா குடும்பத்துப் பணத்துல இதே ரெண்டு பேருக்கும் பிரான்ஸ்ல லேப் கிடைச்சுது. 2004-ல அமெரிக்க எரிசக்தித் துறை மறுபடி உட்கார்ந்து பரிசீலிச்சுது. 2015-ல கூகுள் ஆரம்பிச்சு, சுமார் 30 ஆராய்ச்சியாளர்கள், ஒரு கோடி டாலர். 2019-ல நேச்சர் இதழ்ல அவங்க எழுதினது: ஆதாரம் எதுவும் கிடைக்கலை. பழைய ஆளுங்க கேட்ட மாதிரியே டியூட்டீரியத்தை நிறைய ஏத்தவும் முயற்சி பண்ணிப் பார்த்தாங்க.

இதுக்குப் பேரா அமுக்கறது? இவ்வளவு வாய்ப்பு நம்ம ஊர்ல எந்த ஆராய்ச்சி மாணவனுக்குய்யா கிடைக்குது?

மின்னஞ்சல் அனுப்பின அண்ணனுக்கு: இன்னொரு லேப்ல, இவங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆளுங்க, எழுதிவெச்ச செய்முறையைப் பார்த்து, அதே வெப்பத்தை ஒவ்வொரு தடவையும் எடுத்துக் காட்டின கட்டுரை இருந்தா அனுப்புங்க. ராத்திரி முழிச்சிருந்து படிக்கிறேன். யூட்யூப் சுட்டி மட்டும் வேணாம்.