பொம்மைச் சட்டைக்கும் ரோல் நம்பர் வேண்டும்!



“பதினெட்டு வயசுல பொம்மைக்குச் சட்டை தைக்கிறான் பாரு!” விடுதிக்குப் புதிதாக வருபவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லப்படும் முதல் செய்தி இதுதான். சொல்பவர்கள் சொல்லட்டும். ஆனால் இந்தப் பொழுதுபோக்கு என்னை ஒரு கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தியது. கைத்தொழில் கற்கும் நம் எல்லோருக்கும் பொதுவான கேள்வி அது. அதனால்தான் இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

முதலில் பொம்மையின் கதை. 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ என்ற படைவீரன் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உயரம் ஏறத்தாழ 12 அங்குலம். கை, கால், முழங்கால் எல்லாம் மடங்கும். ‘பொம்மை’ என்று சொன்னால் ஆண்பிள்ளைகள் வாங்க மாட்டார்களே என்று பயந்து ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள். வீரனை ஒருமுறை வாங்கினால் போதாது. சீருடை, தொப்பி, துப்பாக்கி என்று தனித்தனியாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வியாபாரத் தந்திரம்! நம் நாட்டிலும், எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் நிறுவனம் பிற்காலத்துச் சிறிய ஜி.ஐ. ஜோக்களைத் தயாரித்து விற்றது.

பிள்ளைகள் விளையாடினால் முதலில் தொலைவது எது? அந்தக் குட்டித் தொப்பியும் துப்பாக்கியும்தானே! பொம்மைகளைச் சேகரிக்கும் பெரியவர்கள் இன்று தொலைந்ததற்கு மாற்று தேடுகிறார்கள். சிலர் கம்பெனி செய்யாத உடையையே புதிதாகச் செய்து கேட்கிறார்கள். அங்கேதான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை.

“டிராயிங்கை ஆறால் வகுத்தால் முடிந்தது” என்றுதான் நானும் நினைத்தேன். 72 அங்குல மனிதன் 12 அங்குலம் ஆகிறான், சரி. 12 மி.மீ. பொத்தான் 2 மி.மீ. ஆகிறது, அதுவும் சரி. ஆனால் துணியின் தடிமனை யார் ஆறால் வகுப்பது? அம்மா ரவிக்கை தைத்து மிச்சமான லைனிங் துணியில் என் முதல் மேலங்கியைத் தைத்தேன். அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது! யோசித்தால் கணக்கு புரிகிறது. நீளமும் அகலமும் ஆறில் ஒன்றானால் பரப்பு 36-இல் ஒன்று. எடையும் அதே அளவு குறைந்துவிடுகிறது. துணியின் விறைப்போ அப்படியே இருக்கிறது. பிறகு எப்படித் தொங்கும்?

இதற்கு வழி உண்டு. கிடைப்பதிலேயே மெல்லிய துணியை எடுத்து, ஓர மடிப்புக்குள் மெல்லிய கம்பியை வைத்துத் தைக்க வேண்டும். அல்லது நனைத்து, நூலால் பொம்மையோடு கட்டிக் காயவைத்தால் மடிப்பு நிற்கும். வெட்டிய ஓரம் பிரியாமலிருக்கத் தண்ணீர் கலந்த ஃபெவிகால். பெல்ட்டுக்குப் பழைய கைப்பையின் ரெக்ஸின், பக்கிளுக்கு ஸ்டாப்ளர் பின். கறுப்புத் துணியை முதலில் ஊறவைத்து அலச வேண்டும். இல்லையென்றால் சாயம் பொம்மையின் உடம்பில் ஏறிவிடும், பிறகு போகாது. இதெல்லாம் விளையாட்டு வேலையா, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பாத்திரங்களை கென்னர் நிறுவனம் 1978-இல் சிறு பொம்மைகளாக விற்றது. அதில் ‘ஜாவா’ என்று ஒரு குள்ளன். முதலில் அவனுக்கு வினைல் மேலங்கி போட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அதை மாற்றித் துணி அங்கி கொடுத்தார்கள். அதனால் வினைல் அங்கி போட்ட ஜாவா அபூர்வமாகிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. உடனே என்ன நடந்தது? வேறு பொம்மைகளின் வினைல் அங்கியை வெட்டி ஜாவாவுக்குப் போட்டு ‘அசல்’ என்று விற்கத் தொடங்கினார்கள். அசல் துப்பாக்கி மிதக்கும், போலி மூழ்கும் என்று குட்டித் துப்பாக்கிகளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அந்தச் சோதனையும் எப்போதும் பலிப்பதில்லை.

இந்தக் கதையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். கடந்த ஆண்டு பொம்மை வாங்கி விற்கும் ஒருவர் படமும் அளவும் கொடுத்து ஒரு சின்ன வினைல் மேலங்கி கேட்டார். “பழசு மாதிரி இருக்கணும் தம்பி. அடையாளம் எதுவும் வேணாம்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டீத்தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தேன். அந்தப் பணத்தில்தான் தேர்வுக் கட்டணம் கட்டினேன். ஜாவாவின் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ ஒருவர் தன் சேமிப்பைக் கொடுத்து, நான் செய்ததை அசல் என்று நம்பி வாங்கி வைத்திருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. திரும்ப வாங்கவும் வழியில்லை.

முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். ஜாபை முடித்ததும் நம்பர் பஞ்ச் எடுத்து நம் ரோல் நம்பரை அடிக்கச் சொல்வார்கள். சீனியர் செய்த பீஸின் நம்பரை அரத்தால் தேய்த்துவிட்டுத் தன் நம்பரை அடித்தவனும் நம்மில் உண்டு. அன்று எல்லோரும் சிரித்தோம். நான் செய்தது அதைவிட மோசம். நம்பரே இல்லாமல் கொடுத்தேன்.

என் தாழ்மையான கருத்து இதுதான்: மாற்றுப் பொருள் செய்வது தவறில்லை. அடையாளம் இல்லாமல் செய்வதுதான் தவறு. “அடையாளம் போட்டால் அழகு கெட்டுவிடுமே” என்பார்கள். உள்மடிப்பில் ஓர் எழுத்து தைத்தால் வெளியே தெரியாது. “யார் வாங்குவார்கள்?” என்பார்கள். தொலைந்ததற்கு மாற்று வேண்டும் என்பவர், மாற்று என்று தெரிந்தேதான் வாங்குகிறார். “செய்பவன் மேல் என்ன தப்பு, ஏமாற்றுவது விற்பவன்தானே?” என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. 3டி பிரிண்டர் வந்துவிட்ட இக்காலத்தில் துப்பாக்கியும் தொப்பியும் அச்சு அசலாக எடுப்பது இன்னும் சுலபம். ஆகவே அடையாளம் இன்னும் அவசியம்.

இப்போது நான் தைக்கும் ஒவ்வொரு அங்கியின் உள்மடிப்பிலும் சிவப்பு நூலில் என் ரோல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். வேண்டாம் என்றவர்களின் இரண்டு ஆர்டர் போனது, போகட்டும். நாளை நாம் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் “இது நான் செய்தது” என்று சொல்ல முடிகிற வேலையை மட்டுமே செய்வோம்.

சிந்திப்போம் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு