ஒலிப் பொத்தான் மட்டும் போதுமா?

கோலார் தங்க வயலில் ஒரு காலத்தில் அன்றாட வாழ்வை ஓசையே நடத்தியது. ஷிப்டு மாறும் நேரத்தைச் சங்கு அறிவித்தது. சுரங்கக் கூண்டின் ஏற்ற இறக்கத்தை மணி அறிவித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு உழைத்தோர் இன்று ஓய்வூதியர்களாக வங்கிக்கு வருகின்றனர். அவர்களிடம் நாம் கைப்பேசித் திரையைக் காட்டி, "படித்துப் பாருங்கள்" என்கிறோம்.

இத்தகையோருக்காக, எழுத்தைக் குரலாக வாசிக்கும் பொத்தானை இணையதளங்களில் தனியே பொருத்தும் வழக்கம் பரவி வருகிறது. இதன் பயன் எவ்வளவு என்பதை நாம் நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பார்வையற்றோருக்கு இதனால் கிட்டும் பயன் மிகக் குறைவு. அப்பொத்தானைத் திரையில் தேடிக் கண்டறியவே அவருக்குத் திரைவாசிப்பான் தேவை. அஃது அவரிடம் ஏற்கெனவே உண்டு: ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் கட்டணமின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. அவரைத் தடுப்பவை வேறு. பெயரிடப்படாத பொத்தான், படமாக ஏற்றப்பட்ட படிவம், படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யக் கோரும் சோதனை ஆகியவை அவை. பக்கத்தை வடிவமைக்கும்போதே இவற்றைத் திருத்த வேண்டும். தன் ஒட்டுக் கருவி எந்த இணையதளத்தையும் அணுகல் தரத்திற்கு உயர்த்திவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025-இல் நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் செலுத்தப் பணித்தது.

ஆயின் பொத்தானே வீண் என்று கூறிவிட இயலாது. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ பயின்றோர் தங்க வயலில் பலர். தமிழைக் கேட்டால் அவர்களுக்கு நன்கு விளங்கும், படிக்க வராது. கண்புரையால் வருந்தும் முதியோரும், பள்ளி செல்லும் வாய்ப்பே இல்லாதோரும் உளர். நிலையான வைப்பை முதிர்வுக்கு முன்னரே முடித்தால் வட்டி குறையும் என்பதைத் தமிழில் கேட்டறிவது இவர்களுக்குப் பெரும் பாதுகாப்பு. திரையைத் தாமே அறிய இயலாதவர் கைப்பேசியைப் பிறரிடம் நீட்டுகிறார், அதனுடன் ஓ.டி.பி.யும் பிறர் கைக்குச் செல்கிறது. எத்தனையோ மோசடிகளுக்கு அதுவே வாயில்.

எனினும், அக்குரல் பயன்பட வேண்டுமெனில் சில ஒழுங்குகள் தேவை. ரூ.1,50,000 என்பது "ஒன்றரை லட்சம் ரூபாய்" என்றோ "ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய்" என்றோ ஒலிக்க வேண்டும். உதிரி எண்களாக ஒலித்தல் கூடாது. விரும்பும்போது நிறுத்தவும் மீண்டும் கேட்கவும் வழி வேண்டும். கணக்கு விவரம் உள்ள பக்கங்களில் வெளியாரின் கருவியைப் பொருத்துதல் தகாது. வாடிக்கையாளரின் இருப்புத் தொகை வெளிக்கணினிக்குச் செல்ல அஃது இடமளிக்கக்கூடும்.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம்.கள் பேசும் வசதியும் பிரெய்ல் விசைகளும் கொண்டிருக்க வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. அங்கே குரல், இயந்திரத்தின் அமைப்பிலேயே உள்ளது. இணையதளத்திற்கும் அந்நெறியே பொருந்தும். மின்னணுச் சேவைகளை அணுகுதல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துள்ளது. எனவே இது சலுகை அன்று, கடமை.

முதலில் பக்கத்தைச் செம்மை செய்வோம். பின்னர்க் குரலைச் சேர்ப்போம். வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எந்தப் பக்கத்தில், எந்தப் படியில் தடைப்பட்டீர்கள் என்பதைக் கிளையில் தெரிவியுங்கள். "எனக்குப் படிக்க வராது" என்று தயங்கித் திரும்ப வேண்டா. குறை அப்பக்கத்தினுடையது; உங்களுடையது அன்று.