கட்டியங் கூறிய ஆட்டக்காரர்

புகழ் இருவகைப்படும். செய்த செயலைப் பார்த்து உலகம் தானே கொண்டுவந்து கொடுக்கும் புகழ் ஒன்று. சொல்லும் திறத்தினால் தேடிக்கொள்ளும் புகழ் மற்றொன்று. ‘நிறைகுடம் தளும்பாது’ என்று முதல் வகையாரைப் போற்றிய நம் முன்னோரே, ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று இரண்டாம் வகையாருக்கும் இடம் வைத்துப் போயினர். இவ்விரு பழமொழிகளும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் நின்று மோதிக்கொண்ட கதை ஒன்றுண்டு. அதனை இவ்வாரம் நம் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

1996ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரிலே 82 வயது முதியவர் ஒருவர் காலமானார். பெற்றோர் இட்ட பெயர் ருடோல்ஃப் வாண்டரோன். உலகம் அறிந்த பெயரோ மினசோட்டா ஃபாட்ஸ். தமிழிற் சொல்வதானால் ‘மினசோட்டாத் தடியர்’ என்று ஆகும். கையிலும் தடி, பெயரிலும் தடி! அவர் தொழில் பில்லியட்ஸ் மேசையருகே நின்று பந்துகளை அடித்துப் பையில் வீழ்த்துவது. அதனினும் பெரிய தொழில், அவ்வாறு அடிக்கும்போது ஓயாது பேசுவது.

கரம் பலகையில் விரல் தேய விளையாடிய நம் பிள்ளைகளுக்கு இவ்வாட்டத்தின் இயல்பை விளக்குதல் எளிது. பலகைக்குப் பதிலாகப் பச்சைத் துணி விரித்த பெரிய மேசை. நான்கு மூலைகளிலும் இரு நெடும்பக்கங்களின் நடுவிலுமாக ஆறு பைகள். விரலுக்குப் பதிலாக நீண்டு மெலிந்த தடி. ஆங்கிலேயர் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த பில்லியட்ஸில் மூன்று பந்துகளே உண்டு. அமெரிக்கர் ஆடும் வகையில் வெண்பந்து ஒன்றும், இலக்கமிட்ட பந்துகள் பதினைந்தும் இருக்கும். எவ்வகையாயினும் கண்ணும் கையும் மனமும் ஒருங்கே அடங்கி நின்றாலன்றி வெற்றி கிட்டாது. இது அமைதியை வேண்டும் ஆட்டம். அந்த அமைதியையே குலைத்துப் பெயர் பெற்றவர் நம் தடியர் என்பதுதான் வேடிக்கை.

நியூயோர்க் நகரில், சுவிற்சர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1913இல் பிறந்தவர் அவர். இளமையிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுப் பந்தடிகூடங்களை நாடினார். ஊர் ஊராகச் சென்று பணயம் வைத்து ஆடுவதே பிழைப்பாயிற்று. பின்னர் இல்லினோய் மாநிலத்து டவல் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். தெருநாய்களையும் பூனைகளையும் வீட்டிற் சேர்த்துச் சோறிட்டு வளர்த்தார். ஐம்பது வயதை நெருங்கும்வரை, பந்தடிகூடங்களுக்கு வெளியே அவரை அறிந்தோர் சிலரே.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு கற்பனைக் கதை. வால்டர் டெவிஸ் என்ற எழுத்தாளர் 1959இல் எழுதிய ‘த ஹஸ்லர்’ என்னும் நாவல் 1961இல் திரைப்படமாயிற்று. அதிலே ‘மினசோட்டா ஃபாட்ஸ்’ என்ற பருத்த ஆட்டக்காரர் வருவார். ஜாக்கி கிளீசன் என்ற புகழ்பெற்ற நடிகர் அவ்வேடத்தை ஏற்றார். அதுவரை ‘நியூயோர்க் ஃபாட்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட வாண்டரோன், “அந்த ஆள் நான்தான்!” என்று உலகுக்கு அறிவித்தார். அவ்வாறன்று என்று நாவலாசிரியர் எத்தனையோ முறை மறுத்தும் பயனில்லை. கதையிலிருந்த பெயர் மனிதன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. தன்வரலாற்று நூலொன்று 1966இல் வந்தது; தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வந்தன; நாடெங்கும் அழைப்புகள் வந்தன. வாழ்ந்த மனிதரைப் பார்த்துப் பாத்திரம் படைப்பது புலவர் வழக்கம். படைத்த பாத்திரத்துக்குள் புகுந்து வாழத் தொடங்கிய மனிதரை நாம் வேறெங்குங் கண்டிலோம்.

இனி மேசையின் மறுபக்கத்துக்கு வருவோம். வில்லி மொஸ்கோனி என்பவர் பிறந்ததும் அதே 1913ஆம் ஆண்டிலேயே. தந்தையார் பந்தடிகூடம் நடத்தியவர். ஆயினும் மகன் ஆடக்கூடாது என்று பந்துகளை ஒளித்துவைத்தார். சிறுவன் சமையற்கட்டிலிருந்து உருளைக்கிழங்குகளை எடுத்துவந்து துடைப்பக் கட்டையால் அடித்துப் பழகினான்! அச்சிறுவனே 1941 தொடக்கம் 1957 வரை பதினைந்து முறை உலகச் சம்பியன் ஆனான். 1954இல் ஒரு காட்சி ஆட்டத்திலே, ஒரு தடவைகூடத் தவறாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து வீழ்த்தினார் மொஸ்கோனி. மேலே கூறிய திரைப்படத்திற்கு ஆட்ட நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. ஒழுங்காக உடுத்து, அளவாகப் பேசி, இவ்வாட்டம் கண்ணியமான குடும்பத்தினர் கண்டு களிக்கத்தக்கதாக விளங்கவேண்டும் என்று வாழ்நாள் முழுதும் பாடுபட்டவர். உலகச் சம்பியன் பட்டம் ஒன்றேனும் பெறாத வாண்டரோன், “பணயம் வைத்து ஆடினால் என்னை வெல்ல எவரும் பிறக்கவில்லை” என்று மேடைதோறும் முழங்கியபோது, அவருக்கு எத்துணைச் சினம் மூண்டிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1978ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் இருவரும் தொலைக்காட்சியில் எதிரெதிர் நின்றனர். நியூயோர்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலிலே ஆட்டம். தடியர் பேசிக்கொண்டேயிருந்தார், மொஸ்கோனி முகங் கடுத்து ஆடிக்கொண்டேயிருந்தார். வென்றவர் மொஸ்கோனி, அதில் எவருக்கும் வியப்பில்லை. ஆயினும் ஆட்டம் முடிந்து எழுந்த மக்கள் பெரிதும் பேசியது யாரைப்பற்றி? தோற்றவரைப்பற்றியே. வென்றவர் இலக்கத்தைக் கொண்டு சென்றார். தோற்றவர் மக்களின் சிரிப்பைக் கொண்டு சென்றார்.

இதனைக் கேட்டு ‘இது நியாயமா?’ என்று மாணவர் சிலர் வினவக்கூடும். வினவுதல் நன்று. ஆயினும் மட்டக்களப்பு நாட்டிலே பிறந்த நமக்கு இது புதுமையன்று. நமது கூத்துக் களரியில் அரசன் நேரே வந்து நிற்பதில்லை. முன்னே கட்டியகாரன் வருவான்; மன்னனின் வரவைக் கூறுவான்; சபையைத் தன்பக்கம் திருப்புவான். அதன் பின்னரே அரசனின் வரவுக்கு மதிப்பு. கொம்புமுறி விளையாட்டையும் எண்ணிப் பாருங்கள். வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து, மாட்டிய கொம்புகளை வடங் கொண்டு இழுப்பதோடு நம்மவர் நிறுத்தினார்களா? எதிர்ச்சேரியை எள்ளிப் பாடும் பாட்டும் அதனோடு சேர்ந்ததன்றோ? கொம்பு முறிவது ஒரு கணம். பாட்டு ஊரில் நெடுநாள் நிற்கும். ஆட்டத்தோடு பேச்சையும் சேர்த்தால்தான் அது ஊரின் உடைமை ஆகின்றது. வாண்டரோன் தமக்குத் தாமே கட்டியங் கூறிக்கொண்டார் என்பது மெய்யே. எனினும் அக்கட்டியத்தைக் கேட்டு அவ்வாட்டத்தின்பால் திரும்பிய கண்கள் பல. அமெரிக்க பில்லியட்ஸ் பேரவை 1984இல் அவர் பெயரைத் தனது புகழ்மண்டபத்திற் சேர்த்தபோது, சிறந்த ஆட்டக்காரர் என்ற வரிசையில் வைக்கவில்லை. ஆட்டத்துக்குச் சிறந்த தொண்டு செய்தவர் என்ற வரிசையிலேயே வைத்தது. அதுவே சரியான தீர்ப்பு என்பது நம் கருத்து.

அவர் குறையையும் மறைத்தல் ஆகாது. பணயம் வைத்து ஆடுவது சூதே. வள்ளுவப் பெருந்தகை அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். சூதினால் நாடிழந்த தருமனின் கதையைத் திரௌபதை அம்மன் கோயில் விழாக்களில் ஆண்டுதோறும் காணும் மக்களுக்கு அதன் கேட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாண்டரோனின் நகைச்சுவையை இளைஞர் எடுத்துக்கொள்ளட்டும். பணயத்தை அவரோடேயே விட்டுவிடட்டும்.

இறுதிக் காலத்தில் நாஷ்வில் நகரத்து ஹேர்மிற்றேஜ் ஹோட்டலில் அவர் வசித்தார். அங்கே அவருக்கென ஒரு மேசை இருந்தது. வந்தவர்க்கெல்லாம் விளையாட்டுக் காட்டுவார்; கையொப்பம் கேட்டோர்க்குத் தம் பெயர் பொறித்த இறப்பர் முத்திரையை அழுத்திக் கொடுப்பார்; வெளியே சென்று புறாக்களுக்குத் தீனி போடுவார். மொஸ்கோனி 1993இல் மறைந்தார். வாண்டரோன் அவருக்குப்பின் ஈராண்டு சொச்சம் வாழ்ந்தார். அவர் கல்லறையிலும், உலகில் எல்லாரையும் வென்றாயிற்று, இனிச் சொர்க்கவாசலில் பேதுருவானவர் பந்துகளை அடுக்கிவைக்கட்டும் என்ற பொருளிலேயே வாசகம் பொறிக்கப்பட்டது. மரணத்துக்குப் பின்னும் ஓயாத வாய் அது!

இப்பொழுது நம் நாட்டுக்கு வருவோம். 1996 மார்ச் மாதத்தில் இலங்கை அணி லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது. அவ்வணியினர் பெயர்களை நம் மாணவர் தலைகீழாகவும் ஒப்புவிப்பர். ஆனால் அதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1973இல் பம்பாய் நகரில், இலங்கையர் ஒருவர் உலகச் சம்பியன் பட்டத்தை வென்றார் என்று சொன்னால் அவர்கள் விழிப்பர். அவர் பெயர் எம். ஜே. எம். லாபீர். வென்ற ஆட்டம், நாம் இதுவரை பேசிவந்த இதே பில்லியட்ஸ். தொழில்முறை சாராத ஆட்டக்காரருக்குரிய உலகப் பட்டம் அது. இந்தியாவின் வில்சன் ஜோன்ஸ் 1958இலும் 1964இலும் வென்ற அதே பட்டம். லாபீர் 1981இல் மறைந்தார். அவரைப்பற்றி ஒரு நாவல் எழுதுவாரில்லை, எழுதப்பட்ட நாவலொன்றிற்குள் புகுந்து, “நான்தான்!” என்று கூவும் இயல்பும் அவருக்கில்லை. ஒரு பட்டமும் பெறாதவரை ஓர் உலகம் நினைந்து சிரிக்கின்றது; உலகப் பட்டம் பெற்றவரை அவர் பிறந்த தீவே மறந்துகொண்டிருக்கின்றது.

இதற்காக வாண்டரோனை நோவதிற் பயனில்லை. பேசத் தெரிந்தவர் பேசினார். பேசாதவருக்காகப் பேச வேண்டியவர்கள் நாம். புளியந்தீவிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கு இருக்கின்றது. அமெரிக்காவிலிருந்து வந்து இந்நகர இளைஞரின் விளையாட்டுக்கு உழைத்த அக்குருவானவரை, அவரைக் கண்டிராத சிறுவரும் பெயர் சொல்லி அழைக்கின்றனர். மைதானத்தின் வாயிலில் ஒரு பெயரைப் பொறிப்பதும் ஒருவகைக் கட்டியமே. மாலை விளக்கு வைத்தபின் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு பெயரைச் சொல்லுவதும் அத்தகையதே. அதற்குப் பொருட்செலவும் இல்லை.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் ஊரிலும் ஒரு மொஸ்கோனி, ஒரு லாபீர் இருந்திருப்பார். தோணி ஓட்டத்திலோ, உதைபந்தாட்டத்திலோ, கூத்துக் களரியிலோ ஒப்பாரின்றி நின்று, ஒரு சொல்லும் தம்மைப்பற்றிச் சொல்லாமற் போயிருப்பார். அவருடைய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாண்டரோனைப்போலச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுங்கள். ஆனால் உள்ளதையே சொல்லுங்கள். நிறைகுடம் தளும்பாது. அது நிறைந்திருக்கின்றது என்று ஊருக்கு எடுத்துச் சொல்ல, வாயுள்ள பிள்ளை ஒருவன் அருகில் வேண்டும்.