அண்ணே, அஜித்ரோ ரெண்டு குடுங்க

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரும் சாலையில் ஏதாவது ஒரு மெடிக்கல் வாசலில் சற்று நின்று பாருங்கள். "அண்ணே, மூக்கடைப்பு, தலை பாரம். அஜித்ரோ ரெண்டு குடுங்க." சீட்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கத்தரிக்கோல் பட்டையை வெட்டுகிறது. டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதே என்று 2016-லிருந்து அரசு விளம்பரப்படுத்தும் சிவப்புக் கோடும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது.

சைனஸ் தொற்று பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. பத்து நாளாகியும் குறையாவிட்டால், அல்லது குறைவதுபோல் இருந்து காய்ச்சலும் முகவலியும் திரும்ப வந்தால்தான் பெரும்பாலும் டாக்டர் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார். அப்போதும் முதலில் எழுதுவது அமாக்ஸிசிலின், அல்லது கிளாவுலானேட் சேர்ந்த அமாக்ஸிசிலின். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். அஜித்ரோமைசினுக்குக் கிருமிகள் பழகிவிட்டன, சைனஸுக்கு அதை நம்பாதீர்கள் என்கிறார்கள் வல்லுநர்கள். நம்மவர்கள் அதைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்! மெஷினில் கருங்கல் அறுக்கும் சிற்பப் பட்டறைத் தொழிலாளிக்கு மூக்கை அடைப்பது கல்தூசி. அவருக்கும் இதே ரெண்டு மாத்திரை.

விவரம் அறியாத ஊர் என்றாலும் மன்னிக்கலாம். செங்கல்பட்டை ஒட்டிய திருமணி தொழுநோய் மருத்துவமனையில் 1940-களிலேயே டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். உலகமெங்கும் அந்த ஒரே மருந்தை வருடக்கணக்கில் கொடுத்ததில் கிருமி அதற்கு அசையாமல் போனது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துக்கு மாறச் சொன்னது. 2010-ல், ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமிகளை அசையாமல் ஆக்கும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) பற்றிய கட்டுரை லான்செட் குழும இதழில் வந்தபோது, மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையிலிருந்து எடுத்தவை. அதன் பெயரில் டெல்லி இருக்கிறதே என்று நாடே கொதித்தது. மாத்திரையை எண்ணி விற்பதைப் பற்றி அத்தனை கோபம் வரவில்லை.

டாக்டர் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தாலும் மூன்றாம் நாள் மூக்கு திறந்ததும் மீதி அலமாரிக்குப் போகிறது, அடுத்த மழைக்கு மச்சினன் விழுங்க.

வெறும் சளிதான் என்றால் ஆவி பிடியுங்கள், கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுங்கள், ஒரு வாரம் பொறுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, சர்க்கரை நோயாளிக்கு மூக்கிலிருந்து கறுப்பாக வந்தாலோ மெடிக்கலில் நிற்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.