பந்தலில் மோர்ப்பானை எங்கே?



நீர்மோர் வழங்கிவந்த எங்கள் தோட்டத்துக் கோயில் தண்ணீர்ப் பந்தலில், இவ்வாண்டுத் திருவிழாவன்று ஏழு வயதுப் பிள்ளையொன்று ஆரஞ்சுக் குளிர்பானத்தை நான்காம் முறையாக ஏந்தி, உதடெல்லாம் சாயமேறி நின்றதைக் கண்டபோது, முப்பது வருஷம் பால்மரம் வெட்டி இருதய வியாதியால் மாண்ட என் தமையனாரின் நினைவு நெஞ்சை வருத்தியது.

100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி கொண்ட பானமானால், 320 மில்லிலிட்டர் டின் ஒன்றிலேயே 32 கிராம் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனமோ, பெரியவர்களுக்கே நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் அடங்குவது நலம் என்று 2015-இல் உரைத்தது. தினம் ஒரு குளிர்பானமேனும் அருந்துவோரிடம் இடைப்பருமன் முதலிய இருதய அபாயக் குறிகள் மிகுந்திருந்ததை அமெரிக்காவின் பிராமிங்காம் ஆய்வு 2007-இல் கண்டது. பானமே காரணமென்று அது நிரூபிக்கவில்லையாயினும், குழந்தைகள் விஷயத்தில் நிரூபணத்திற்காகக் காத்திருத்தல் தகாது.

மலேசிய அரசாங்கம் 2019 ஜூலையில் சீனி மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் தீர்வை விதித்தது. ஆனால் இலவசமாக அருந்துவோரை அத்தீர்வு தடுக்காது; ஆகவே பந்தலில் குளிர்பானத்தை இலவசமாக ஊற்றுவதைக் கோயில் நிர்வாகத்தினரே நிறுத்தி, மோர்ப்பானையை மீண்டும் வைக்க வேண்டுகிறேன்.

தோட்டத்து வாசகர்,
டுரியான் துங்கால், மலாக்கா