யானையைப் பார்ப்பவர் ஒருவர், தீனி போடுபவர் இன்னொருவரா?

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள நாடு போட்ஸ்வானா. அதன் வடமேற்கில் ஒக்கவாங்கோ என்னும் ஆறு கடலுக்குப் போகாமல் கலகாரி மணலில் விரிந்து வற்றிவிடுகிறது. ஆறு விரியும் அந்த நாணற்காட்டுக்கு யானை, சிங்கம், சிறுத்தை பார்ப்பதற்கென்றே ஆண்டுதோறும் சிறு விமானங்களில் செல்வந்தர்கள் வந்து இறங்குகின்றனர். சஃபாரி என்பது இந்தப் பயணத்தின் பெயர். உயர்தர விடுதிகளில் ஓர் ஆள் ஓர் இரவு தங்க ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் ஆகிறது. பெயருக்குத்தான் கூடாரம்; உள்ளே மெத்தை, வெந்நீர், விருந்து எல்லாம் உண்டு.

இவ்வளவு விலை வைப்பதில் தவறில்லை. ஆள் குறைவாக வரட்டும், வருமானம் கூடுதலாக வரட்டும் என்பது 1990-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு வகுத்த சுற்றுலாக் கொள்கை. மேய்ச்சல் தரையில் எத்தனை ஆடு விடலாம் என்று தெரிந்த எவரும் இதைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் விருந்தாளி பணம் கொடுத்துப் பார்க்கும் யானைக்குத் தீனி போடுவது யார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டு ஐந்து நாடுகள் சேர்ந்து விமானத்தில் பறந்து நடத்திய கணக்கெடுப்பில், போட்ஸ்வானாவின் வடபகுதியில் மட்டும் சுமார் 1,32,000 யானைகள் இருப்பது தெரியவந்தது. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தின்னும். ஒக்கவாங்கோவின் வடபகுதி வரைபடத்தில் வாணலியின் கைப்பிடி போல நீண்டிருக்கும். அதன் கிழக்குக் கரையில் செரோங்கா முதலிய ஊர்களில் ஏறக்குறைய 15,000 பேர் வாழ்கின்றனர். அதே நிலப்பரப்பில் ஏறக்குறைய அதே அளவு யானைகளும் உள்ளன. ஆளுக்கு ஒரு யானை என்று கணக்கு!

இவர்கள் பயிரிடுவது நம் விவசாயிகளுக்கு அந்நியமானதல்ல. கம்பு, சோளம், மக்காச்சோளம், ஊடுபயிராகத் தட்டைப்பயறு, தர்பூசணி. நவம்பர் மழையை நம்பி விதைத்து, மார்ச் முதல் மே வரை அறுவடை செய்கின்றனர். கதிர் பால் பிடித்து முற்றும் வேளையில்தான் யானை வருகிறது, அதுவும் இரவில். ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான தானியம் ஒரே இரவில் போய்விடும். மிஞ்சுவது மிதிபட்ட தட்டைதான். தாளவாடி, ஒசூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சஃபாரிக்கு நல்ல பருவம் எது தெரியுமா? ஜூன் முதல் அக்டோபர் வரை. காட்டுக் குட்டைகள் வற்றி, விலங்குகள் ஆற்றோரம் கூடும் காலம் அது. அப்போது வயல்கள் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும். ஆகவே விருந்தாளி பகலில் ஆற்றில் குளிக்கும் யானையைப் பார்க்கிறார். மார்ச் மாதத்து இரவில் கம்புக் கொல்லையில் நிற்கும் யானையைப் பார்ப்பதே இல்லை. யானையைப் பற்றி இவ்விருவருக்கும் இருவேறு கருத்து இருப்பதில் வியப்பென்ன?

விவசாயிகள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. மிளகாய்த்தூளைக் கழிவு எண்ணெயில் குழைத்து, அதில் நனைத்த துணிகளை வயலைச் சுற்றிக் கயிற்றில் கட்டுகின்றனர். யானைச் சாணத்துடன் மிளகாயைக் கலந்து செங்கல் போல் அறுத்து உலர்த்தி, இரவில் வரப்போரம் புகைய விடுகின்றனர். நெடி தாங்காமல் யானை ஒதுங்கிப் போகும். ஆனால் மழை பெய்தால் துணியை மறுபடி நனைத்துக் கட்ட வேண்டும். காற்று திசை மாறினால் புகை பயன்படாது. குறுகிய காலப் பயிர் இரகம் விதைப்பது, யானைத் தடத்தில் புது வயல் ஒதுக்காமல் இருப்பது, வயல்களை ஒரே தொகுப்பாக அமைப்பது ஆகியவை இதைவிட நிலைத்த பலன் தரும். இத்தனை வேலையும் செலவும் யார் தலையில் விழுகின்றன? விடுதிக் கட்டணத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்க வேண்டாமா?

சுற்றுலாவால் வேலை கிடைக்கிறதே என்பார்கள். உண்மைதான். விடுதி வேலைக்குப் போன பையன் அனுப்பும் பணம் வீட்டைத் தாங்குகிறது. ஆனால் வேலை கிடைப்பது சிலருக்கு. யானை வருவதோ ஊரார் அனைவரின் வயலுக்கும்.

பக்கத்து நாடான நமீபியா இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊர் மக்கள் எல்லை வகுத்துச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டால், அந்த எல்லைக்குள் வனவிலங்கால் வரும் வருமானம் அவர்களுடையது. டோரா என்னும் வறண்ட பகுதியின் ஆடு மேய்ப்போர், தங்கள் நிலத்தில் அமைந்த விடுதியுடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, தங்கும் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பெற்றனர். அங்கும் யானை தண்ணீர்த் தொட்டிகளை உடைக்கத்தான் செய்கிறது. ஆயினும் உடைக்கும் யானை சம்பாதித்தும் கொடுக்கிறது.

ஜிம்பாப்வேயில் 'கேம்ப்ஃபயர்' திட்டம் 1980-களின் இறுதியில் தொடங்கியது. அதில் வந்த வருமானத்தில் பெரும்பகுதி வேட்டைக்காரர்கள் கட்டிய பணம். துப்பாக்கியா, புகைப்படக் கருவியா என்பது வேறு வழக்கு. பணம் மாவட்ட மன்றங்கள் வழியாக வந்ததால் ஊருக்குச் சேர வேண்டியது வழியிலேயே தங்கியது. 2007-இல்தான் ஊரின் பங்கான நூற்றுக்கு 55-ஐ நேரடியாக ஊர்க் கணக்கில் கட்ட வழி செய்தனர். அதே 2007-இல் போட்ஸ்வானா வகுத்த கொள்கையோ, ஊர் அறக்கட்டளைகளின் வருமானத்தில் 35 விழுக்காட்டை மட்டும் ஊருக்கு விட்டு, 65 விழுக்காட்டைத் தேசிய நிதிக்கு எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. யானை மிதிப்பது ஊர் வயலை; பங்கில் பெரியது தலைநகருக்கு!

பங்கு என்பது தயவால் தரும் நன்கொடையாக இருக்கக்கூடாது. ஓர் இரவுக் கட்டணத்தில் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி, அறுவடைக்கு முன்பே ஊர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். அதிலிருந்து காவலுக்கும் மிளகாய்க்கும் வேலிக்கும் செலவிடலாம்.

இன்னொரு வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விடுதிகளின் சமையலறைக்கு வேண்டிய உணவுப் பொருள்களில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. மவுன் நகரின் பீர் ஆலை ஒன்று, யானைத் தடத்தை மறிக்காமல் பயிரிடும் விவசாயிகளின் கம்பைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறது. விடுதிகளும் தட்டைப்பயற்றையும் தர்பூசணியையும் விதைப்புக்கு முன்பே விலை பேசி இவர்களிடம் வாங்கலாம்.